அடைப்புக்குறிக்குள் பதினான்கு ஆண்டுகள்: சித்த மருந்தும் சட்டமும்

மர்பி டவுன் மார்க்கெட் பக்கத்தில் என் சிறுவயதில் ஒரு நாட்டு மருந்துக் கடை இருந்தது. கன்னடத்தில் அத்தகைய கடையைக் கிரந்திகெ அங்கடி என்பார்கள். அங்கே ஒரே டப்பாவுக்கு மூன்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் கீழாநெல்லி என்று கேட்பார்கள். கன்னடக்காரர்கள் நெலநெல்லி என்பார்கள். வடக்கிலிருந்து வந்த பட்டாளத்துக் குடும்பத்தார் பூயி ஆம்லா என்பார்கள். கடைக்காரர் மூவருக்கும் ஒரே காய்ந்த செடியைப் பழைய செய்தித்தாளில் மடித்து, நூல் சுற்றிக் கொடுப்பார். பொட்டலத்தின் மேல் எதுவும் எழுதியிருக்காது. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. மஞ்சள் காமாலைக்கு மோரில் அரைத்துக் கொடு, அவ்வளவுதான்.

அந்தப் பெயரில்லாத பொட்டலத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது ரொம்பப் பின்னால், 1990-களில். அம்மாவுக்கு முழங்கால் வலி. ஊர்ப்பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை வந்துபோகும் வைத்தியர் ஒருவர், சிவப்பாக ஒரு பொடியைச் சின்னச் சின்னக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, தேனில் குழைத்துச் சாப்பிடச் சொன்னார். வலி குறைந்ததாகத்தான் அம்மா சொன்னாள். நான்காம் மாதம் சோறு இறங்கவில்லை, வயிற்று வலி, பரிசோதனையில் ரத்தம் குறைந்திருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன மருந்து சாப்பிடறாங்க?"

"செந்தூரம் டாக்டர்."

"என்ன செந்தூரம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அயச்செந்தூரமா, லிங்கச் செந்தூரமா? முன்னது இரும்பு, பின்னது பாதரசத் தாது. வைத்தியரைக் கேட்டேன். "குரு சொல்லிக் குடுத்தது தம்பி, வெளியே சொல்லக் கூடாது" என்றார். பொடியை நிறுத்தினோம். இரண்டு மாதத்தில் அம்மா தேறினாள். பொடிதான் காரணம் என்று குற்றம் சாட்ட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் தேடுவதற்கே வழியில்லாமல் இருந்ததுதான் என் மனக்குறை. இதில் இன்னொரு விஷயம், அந்த வைத்தியர் பொடியைத் தாமே செய்து லேபிள் இல்லாமல் கொடுத்தது சட்டத்தை மீறிய செயலும் அல்ல. அது எப்படி என்று துருவிப் போனதில் கிடைத்த வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ் வைத்தியத்துக்குச் சட்டப் புத்தகத்தில் ஓர் இடம் கிடைத்த கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

சென்னையில் எழுந்த கேள்வி

1918-இல் சென்னை அரசாங்கம் டாக்டர் எம்.சி.கோமன் என்பவரை நாட்டு மருந்துகளை ஆராயும்படி நியமித்தது. அவர் மருந்துகளை எடுத்து ஆங்கில வைத்திய முறைப்படி நோயாளிகளிடம் சோதித்து அறிக்கைகள் எழுதினார். வைத்தியர்கள் கொதித்துப் போனார்கள். எங்கள் மருந்தை எங்கள் சாஸ்திரத்தை அறியாதவர் எப்படி எடைபோடலாம் என்பது அவர்கள் வாதம். இந்தக் கேள்வி இன்றுவரை தீரவில்லை என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்தின் தரத்தை அளப்பது நூலா, சோதனைக்கூடமா? பின்னால் வந்த சட்டங்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தள்ளாடின.

1921-இல் முகமது உஸ்மான் தலைமையில் சென்னை அரசு ஒரு கமிட்டி அமைத்தது. கேப்டன் ஜி.சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். 1923-இல் அறிக்கை வந்தது. அதன் பயனாக 1920-களின் நடுவில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டு, ஆயுர்வேதம், யுனானி இவற்றோடு சித்த வைத்தியமும் அரசாங்கச் செலவில் கற்பிக்கப்பட்டது.

இதெல்லாம் நமக்கு, அதாவது கன்டோன்மென்ட் தமிழருக்கு, எட்டாத தூரம். மர்பி டவுனுக்கு முன்னாளில் நாக்ஸ்பேட் என்று பெயர். கன்டோன்மென்ட் எஞ்சினியர் மர்பியின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அல்சூர், மர்பி டவுன் உள்ளிட்ட இந்த சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் 1947 வரை மைசூர் மகாராஜாவின் ஆட்சியிலும் இல்லை, சென்னை மாகாணத்திலும் இல்லை. பிரிட்டிஷ் ரெசிடெண்ட்டின் கையில் இருந்தது. மைசூரில் 1908-இல் தொடங்கிய ஆயுர்வேதக் கல்லூரி நம் வைத்தியத்துக்கானதல்ல. சென்னைப் பள்ளியோ மாகாணத்துக்கு வெளியே இருந்த நமக்காக ஏற்பட்டதல்ல. ஆகவே இங்கே சித்த வைத்தியம் என்பது வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து கையில் பையோடு வந்து போகிறவர்களின் வைத்தியமாகவே இருந்தது. என் அம்மாவுக்கு மருந்து கொடுத்தவர் அந்த வழியில் கடைசித் தலைமுறை எனலாம்.

பெயரே இல்லாத சட்டம்

அப்போது இந்தியச் சந்தையில் போலி கொயினா உட்பட மோசமான இங்கிலீஷ் மருந்துகள் மலிந்திருந்தன. அதை விசாரிக்க 1930-இல் ஆர்.என்.சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் கமிட்டி அமைந்தது. அதன் வழிவந்ததே 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டம். இன்று மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் என்று வழங்குவது இதுவே. இச்சட்டம் "மருந்து" என்பதற்கு இலக்கணம் சொன்னபோது, ஆயுர்வேத, யுனானி முறைகளுக்கு மட்டும் உரியவற்றை விலக்கி வைத்தது. கவனியுங்கள், விலக்கி வைத்தவர்களின் பட்டியலில்கூடச் சித்தாவின் பெயர் இல்லை. வாசலில் நிற்க வைக்கப்பட்ட விருந்தாளிகளைக் கணக்கெடுத்தபோதும் நம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை.

1964-இல் சட்டம் திருத்தப்பட்டது. நாட்டு மருந்துகளுக்கென்று நான்கு-ஏ என்னும் அத்தியாயம் சேர்க்கப்பட்டு, தயாரிப்புக்கு உரிமம் வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 1969 பிப்ரவரி 1. அந்தத் திருத்தத்தில் நம் வைத்தியம் முதல்முறையாக இடம்பெற்றது. எப்படி என்றால், "ஆயுர்வேத (சித்தா உட்பட) அல்லது யுனானி மருந்து" என்று, ஓர் அடைப்புக்குறிக்குள். வேடிக்கை என்னவென்றால், அதே 1964-இல்தான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவத்துக்கென்று அரசுக் கல்லூரி தொடங்கியது. திருநெல்வேலியில் தனி மருத்துவமாக இருந்தது டில்லியில் ஆயுர்வேதத்தின் ஒரு கிளை!

1982-இல் மறுபடியும் திருத்தம். "ஆயுர்வேத, சித்த அல்லது யுனானி மருந்து" என்று மூன்றும் வரிசையாக வந்தன. இது நடைமுறைக்கு வந்தது 1983 பிப்ரவரி 1. விரலை விட்டு எண்ணிப் பாருங்கள், நாள் பிசகாமல் பதினான்கு ஆண்டுகள். ராமனுடைய வனவாசக் கணக்கு.

ஓர் அடைப்புக்குறி போனதற்கு இவ்வளவு பேச்சா என்று இளைஞர்கள் கேட்கலாம். உரிமம் கொடுக்கும் அதிகாரி, சோதிக்கும் ஆய்வாளர், மருந்தின் மேல் எழுதும் வாசகம் ஆகிய மூன்றும் இந்தப் பெயரைப் பொறுத்தவை. பெயர் தனியாக இருந்தால்தான் "இதற்குரிய அளவுகோலைக் கொண்டு வா" என்று கேட்க முடியும். இலங்கையில் 1961-ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம், ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள்ளேயே சித்தத்தையும் யுனானியையும் சிங்கள நாட்டு வைத்தியத்தையும் அடக்கி வைத்தது. யாழ்ப்பாணத்துச் சித்த வைத்தியரும் அந்தச் சட்டப்படி ஆயுர்வேதக்காரர்தான்.

சட்டம் படித்த போகர்

அப்படியானால் சட்டப்படி சித்த மருந்து என்றால் எது? மூலிகையால் செய்தது என்பதல்ல விடை. சட்டத்தின் முதல் அட்டவணையில் சில நூல்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்த நூல்களில் சொல்லிய முறைப்படியே செய்த மருந்துதான் சித்த மருந்து. ஆயுர்வேத நூல்கள் முடிந்ததும் சித்த நூல்கள் தொடங்குகின்றன: சித்த வைத்திய திரட்டு, தேரையர் மகா கரிசல், பிரம்மமுனி கருக்கடை 300, போகர் 700, புலிப்பாணி 500, அகத்தியர் பரிபூரணம் 400 என்று போகிறது வரிசை. பக்கத்தில் உள்ள எண் பாடல் கணக்கு. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் பின்னிணைப்பில் போகரும் புலிப்பாணியும் உட்கார்ந்திருப்பதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் பெருமையும் வந்தது.

பெருமை ஒருபுறம் இருக்க, சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அட்டவணையில் நூலின் பெயர்தான் உண்டு. எந்தப் பதிப்பு, எந்தச் சுவடி என்ற குறிப்பு இல்லை. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களில் பாட பேதம் எவ்வளவு என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். செய்யுளில் ஒரு சீர் மாறினால் இலக்கியத்தில் பொருள் மாறும். வைத்தியத்தில் எடை மாறும். ஒரே பெயருள்ள சூரணத்துக்கு இரண்டு நூல்களில் இரண்டு சரக்கு வரிசை இருப்பதும் உண்டு. அதனால்தான் மருந்தின் லேபிளில் எந்த நூலின்படி செய்தது என்று குறிக்க வேண்டும் என விதி சொல்கிறது. சித்த மருந்துப் பாட்டில் வாங்கினால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

நூலில் உள்ளபடி இல்லாமல், நூலில் சொல்லிய சரக்குகளை மட்டும் வைத்துக் கம்பெனி தானே ஒரு சேர்மானம் அமைத்தால், அது தனியுரிமை மருந்து என்ற இன்னொரு வகை. 2010-இல் சேர்த்த விதிப்படி, நூல்வழி மருந்துக்குப் புதிதாகச் சோதனை காட்ட வேண்டியதில்லை, நூலே சாட்சி. தனியுரிமை மருந்துக்கு மட்டும் பயன் தருகிறது என்பதற்குச் சிறு அளவிலான ஆய்வு ஒன்றாவது காட்ட வேண்டும். கொரோனா ஆண்டான 2020-இல் நாமெல்லாம் குடித்த கபசுரக் குடிநீரை எடுத்துக்கொள்வோம். சுக்கு, திப்பிலி, லவங்கம், ஆடாதொடை, சீந்தில், நிலவேம்பு என்று பதினைந்து சரக்கு. சித்த வைத்திய திரட்டில் உள்ள முறைப்படி சூரணமாகச் செய்தால் அது நூல்வழி மருந்து. அதிலே ஒரு சரக்கைக் கூட்டியோ குறைத்தோ வேறு பெயர் வைத்தால் கதை வேறு.

இந்த வகைப்பாட்டில் வரிப் பணமும் புகுந்தபோது வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. மருந்தென்றால் ஒரு வரி, அழகுப்பொருள் என்றால் அதைவிட அதிக வரி. 1995-இல் ஆயுர்வேதச் சிவப்புப் பல்பொடி ஒன்றைப் பற்றிய வழக்கில், பொது மக்கள் அதைப் பல்பொடியாகத்தான் நினைத்து வாங்குகிறார்கள், மருந்தாக அல்ல என்று தீர்ப்பானது. ஆனால் 2003-இல் விக்ஸ் வேப்போரப் விஷயத்தில் அது ஆயுர்வேத மருந்துதான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அமெரிக்காவில் பிறந்த விக்ஸ் இந்தியாவில் ஆயுர்வேதம்; பாட்டி காலத்துப் பல்பொடி வெறும் பல்பொடி! சட்டத்தின் கண்ணுக்கு மருந்து என்பது பொருளின் குணம் மட்டுமல்ல, அது எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறது என்பதும்தான்.

பொடிக்குள் இருப்பது எது

நூல் சரியாக இருந்தாலும் சரக்கு சரியாக இருக்க வேண்டுமே. இங்கே நம் ஊர்க்காரர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். ஜி.கே.வி.கே. என்று நாம் சொல்லும் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்து விஞ்ஞானிகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும், தென்னிந்தியக் கடைகளில் கீழாநெல்லி என்று விற்கும் காய்ந்த செடியை வாங்கி, தாவர அடையாளத்தாலும் மரபணுச் சோதனையாலும் பிரித்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாதிரிகளில் பெரும்பாலும் ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்னும் சரியான செடி இருந்தது. மீதியில் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு செடிகள். யாரும் வேண்டுமென்று ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பறித்து வருகிறவர் கண்ணுக்கு எல்லாமே இலைக்கு அடியில் காய் காய்க்கும் சிறு செடிதான். மூன்று மொழிப் பெயருக்கு ஒரே டப்பா இருந்ததைச் சொன்னேன் அல்லவா? அந்த ஒரே டப்பாவுக்குள்ளேயும் மூன்று நான்கு செடிகள் இருந்திருக்கலாம் என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. நிலவேம்பும் அப்படியே. கன்னடத்தில் நெலபேவு. வடக்கே ஆயுர்வேதம் கிராததிக்தம் என்று சொல்வது இமயமலைச் சிரட்டை; அதன் இடத்தில் தெற்கே நிலவேம்பைப் போடுவதும் உண்டு. இரண்டும் கசப்பு, இரண்டும் காய்ச்சலுக்கு, ஆனால் வேறு வேறு செடி.

இதைத் தடுக்கவே தர நூல்கள் எழுதப்பட்டன. சித்தா ஃபார்முலரி மருந்து செய்முறைகளைத் தொகுத்தது. அதன் முதற்பாகமும் அட்டவணையில் ஏறிவிட்டது. தனிச் சரக்குகளின் அடையாளத்தைச் சொல்லும் சித்த ஃபார்மகோபியாவின் முதல் தொகுதி 2008-இல்தான் வந்தது, 73 சரக்குகளோடு. அடைப்புக்குறி நீங்கிய பிறகும் கால் நூற்றாண்டு! அதில் உள்ள சோதனைகள் பல எளியவை. உதாரணமாக, சரக்கை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை அமிலத்தில் போடுவார்கள். கரையாமல் அடியில் நிற்பது பெரும்பாலும் மண்ணும் மணலும். வேரைக் கழுவாமல் அரைத்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

நம் முன்னோரிடம் சோதனை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பற்பம் பக்குவமானதா என்று பார்க்க, அமைதியான நீரின் மேல் தூவுவார்கள், மிதக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் ரேகைக்குள் புக வேண்டும். உலோகப் பளபளப்பு தெரியக் கூடாது, நாக்கில் சுவை தட்டக் கூடாது. இவை துகளின் நுண்மையையும் உலோகம் மாறியிருப்பதையும் காட்டும் நல்ல சோதனைகள். ஆனால் எத்தனை மில்லிகிராம் ஈயம் உள்ளே போகிறது என்று இவை சொல்லா. 2004 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய தெற்காசிய நாட்டு மருந்துத் தயாரிப்புகள் 70-இல் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் போன் செய்து "அம்மா, அந்த லேகியத்தை நிறுத்து" என்று சொன்ன காலம் அது. இந்திய அரசு 2006 ஜனவரி 1 முதல், ஏற்றுமதியாகும் முழு மூலிகை மருந்துகளுக்குக் கன உலோகச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வரம்பு: ஒரு கிலோ சரக்கில் ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. ஏற்றுமதிச் சரக்குக்குத்தான் முதலில் இந்த அக்கறை வந்தது. உள்ளூர்க்காரன் வயிறு கல் என்று நினைத்தார்களோ என்னவோ.

உலோகம் சேர்த்தே செய்யும் செந்தூர, பற்ப வகைகளுக்கு வேறு ஏற்பாடு. எட்டி, சேராங்கொட்டை, ஊமத்தை, தாளகம், லிங்கம் போன்ற நச்சுச் சரக்குகளின் பட்டியல் ஒன்று விதிகளில் உண்டு. அவை சேர்ந்த மருந்தின் லேபிளில், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும். தயாரிக்கும் இடத்தின் சுத்தம், கருவிகள், பதிவேடுகள் பற்றிய நல்ல உற்பத்தி முறை 2000 ஜூனில் விதியானது.

இவ்வளவும் உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்கு. 1982 திருத்தம் கலப்படம், போலி, தவறான லேபிள் எல்லாவற்றையும் குற்றமாக்கிய கையோடு, தம் சொந்த நோயாளிகளுக்காகத் தாமே மருந்து செய்து கொடுக்கும் வைத்தியர், ஹக்கீம்களுக்கு விலக்கும் கொடுத்தது. இதற்கு நியாயம் உண்டு. கிராமத்து வைத்தியர் ஒரு படி கஷாயம் வைக்கச் சோதனைக்கூடம் கட்ட முடியாது. அவர் மருந்துக்கு அவர் முகமே லேபிள். ஊர் அவரை அறியும், தப்பு நடந்தால் திண்ணையில் கேட்கும். ஆனால் அந்த நியாயம் ஊருக்குள் செல்லுபடியாகும் நியாயம். மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து, பொட்டலம் கொடுத்துவிட்டு, அடுத்த அமாவாசைக்கு வருகிறேன் என்று போகிறவரிடம், மர்பி டவுனில் யார் எந்தத் திண்ணையில் கேட்பது? புலம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இந்த விலக்கு உறுத்துவது இதனால்தான். மலேசியாவில் 1992 முதல் நாட்டு மருந்துத் தயாரிப்புகளையும் பதிவு செய்து, டி என்ற எழுத்தில் முடியும் எண்ணை லேபிளில் போடச் சொல்லியிருக்கிறார்கள். அங்குள்ள நம் உறவினர்கள் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதை நானே கண்டிருக்கிறேன். விலக்கை ரத்து செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயரையும் கொடுத்த தேதியையும் எழுதிக் கொடுக்கச் சொன்னால் எந்த குரு ரகசியமும் போய்விடாது.

போன வருடம் அதே மார்க்கெட்டுக்குப் போனேன். பழைய கடை இல்லை. பக்கத்தில் வேறொரு கடை. கீழாநெல்லி கேட்டேன். ஒட்டிய பிளாஸ்டிக் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தார் இளைஞர். லேபிள் இருந்தது, எடை இருந்தது, தேதி இருந்தது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க எண்ணும் இருந்தது. மருந்து உரிம எண் எங்கே என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இது ஃபுட் ஐட்டம் சார்" என்றார்.

"யாராவது இதைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிடறாங்களா?"

"காமாலைக்குத்தான் சார் எல்லாரும் வாங்கறாங்க." சிரித்துக்கொண்டே சில்லறையை நீட்டினார்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். தமிழில் கீழாநெல்லி, கன்னடத்தில் நெலநெல்லி, இந்தியில் பூயி ஆம்லா. மூன்று பெயரும் அச்சாகியிருந்தன. உள்ளே இருப்பது எந்தச் செடி என்று சொல்லும் லத்தீன் பெயர் மட்டும் இல்லை.